தையலக்கா போட்ட கையெழுத்துகள்

தையலக்கா பள்ளி நிர்வாகக் குழுவுக்குள் நுழைந்ததற்குக் காரணம் ஒரு சீருடைத் துணி. பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் எழுந்து நின்றாள். கையிலிருந்த துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். அதன் வழியாக எதிர்ச் சுவர் தெரிந்தது.

"இது நாலு தடவை துவைச்சா போதும், வலை மாதிரி ஆயிடும். விலை மட்டும் போன வருஷத்தை விட அதிகம். ஏன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றாள்.

மண்டபமே கைதட்டியது. அடுத்த மாதம் குழுவுக்குப் பெற்றோர் சார்பில் ஓர் ஆள் வேண்டும் என்று அறிவித்தார்கள். கைதட்டியவர்களில் ஒருவருக்கும் நேரமில்லை. எல்லா விரல்களும் அவளை நோக்கியே நீண்டன.

அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. பள்ளியின் பின்வாசலுக்கு எதிரே பத்தடி அகலத்தில் ஒரு தையல் கடை. இரண்டு இயந்திரங்கள், ஒரு வெட்டு மேசை, மாட்டிய துணிகளுக்குப் பின்னால் ஒரு ஆளுயரக் கண்ணாடி. கணவர் வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பவர். ஒரே மகள் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. தையலக்கா படித்ததும் பத்தாம் வகுப்பு வரைதான். அதனால் குழுவின் முதல் கூட்டத்தில் ஏழு பேருக்கு நடுவே உட்கார்ந்தபோது நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

குழுவின் தலைவரை ஊரே 'பேங்க் சார்' என்று அழைத்தது. முப்பத்தோரு வருடம் வங்கியில் வேலை பார்த்து, மேலாளராக ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கூட்டத்தில் எல்லோருக்கும் பள்ளிச் செலவில் தேநீர் வரும். அவர் மட்டும் தன் கோப்பைக்கான காசைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் குடிப்பார். இந்த ஒரு பழக்கத்தைச் சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேர் அவரை நம்பினார்கள். மீதிப் பேர் அந்தப் பாதியை நம்பினார்கள்.

பொருளாளர் பதவியை ஏற்க யாரும் முன்வரவில்லை. பேங்க் சார் தையலக்கா பக்கம் திரும்பினார்.

"கணக்கெல்லாம் நான் பாத்துக்கறேன்மா. காசோலையில ரெண்டாவது கையெழுத்து மட்டும் போட்டா போதும். உங்கள மாதிரி நேர்மையான ஆளோட பேரு இருந்தா ஜனங்களுக்கு நிம்மதி."

அந்த வார்த்தையில் அவள் குளிர்ந்து போனாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் மூன்று தடவை சொன்னாள்.

முதல் இரண்டு மாதங்கள் ஒவ்வொரு காசோலைக்கும் கடையை அடைத்துவிட்டுப் பள்ளி அலுவலகத்துக்கு ஓடினாள். மூன்றாவது மாதம் பேங்க் சாரே காசோலைப் புத்தகத்தோடு கடைக்கு வந்தார். "ஏன்மா இப்படி அலையறீங்க, பொழப்பு கெடுது பாருங்க. பத்து தாள்ல போட்டு வச்சிடுங்க" என்றார்.

"தொகை எழுதாம போடலாமா சார்?"

அவர் சிரித்தார். "முப்பத்தோரு வருஷம் நான் என்ன வேலை பாத்தேன்?"

வெட்டு மேசையில் துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பத்து தாளிலும் அவள் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஒன்றரை வருடம் ஓடியது.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தலைமையாசிரியை போனில் அழைத்தார். "அக்கா, கொஞ்சம் உடனே வாங்களேன்." அந்தக் குரலைக் கேட்டதும் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் தையலக்கா சாலையைக் கடந்து ஓடினாள்.

ஒன்றாம் வகுப்பு அறையின் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்திருந்தது. சின்னத் துண்டு இல்லை, ஒரு கதவின் பாதி அளவு. இரண்டாவது வரிசை பெஞ்சின் பலகை நடுவில் பிளந்து கிடந்தது. யாரோ ஒரு பிள்ளையின் சாப்பாட்டு டப்பா தட்டையாக நசுங்கியிருந்தது. மேலே, பெயர்ந்த இடத்தில் துருப்பிடித்த கம்பிகள் தெரிந்தன. இருபத்திரண்டு பிள்ளைகளும் அந்த நேரம் மைதானத்தில் காலை வணக்கத்தில் நின்றிருந்தார்கள். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் அந்த பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

தலைமையாசிரியை கேட்டார்: "கூரை வேலைக்குப் பணம் குடுத்தாச்சுன்னு சார் எப்பவோ சொன்னாரே. எப்பத்தான் ஆரம்பிக்கப் போறாங்க?"

"எனக்குத் தெரியலையே டீச்சர்."

"நீங்கதானே பொருளாளர்?"

அந்தக் கேள்வி அவளைக் குற்றம் சாட்டிக் கேட்கப்பட்டதல்ல. ஆனாலும் தையலக்கா கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவிக் கையில் சுருட்டினாள்.

கூரைக்கென்று பெற்றோர்களிடம் தனியாக நன்கொடை வசூலித்திருந்தார்கள். அவளே பத்து வீடு ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்தவள். மதியம் கடையைப் பூட்டிவிட்டு வங்கிக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த இளம் பெண்ணிடம், "பள்ளிக்கூடக் கணக்கப் பாக்கணும்னா யார்கிட்ட அனுமதி வாங்கணும்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நீங்க பொருளாளர் மேடம். கேட்டா குடுத்துடுவோம். இத்தன நாளா நீங்க கேக்கல, அவ்வளவுதான்."

நான்கு பக்கங்கள் அச்சாகி வந்தன. நாற்காலியில் உட்கார்ந்து விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். கட்டட ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்கு மூன்று தடவையாகப் பணம் போயிருந்தது. மொத்தம் பதினெட்டு லட்சம். அந்தக் காசோலைகளைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். மூன்றிலும் அவள் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை வழக்கம்போல் மேலே சுழித்து, அழகாகப் போட்டிருந்தாள்.

அங்கிருந்து பள்ளி அலுவலகம். எழுத்தரிடம் கேட்டுக் கோப்பைப் புரட்டியதில் அந்த நிறுவனத்தின் மூன்று ரசீதுகள் இருந்தன, முகவரியோடு. முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினாள். தெருமுனை திரும்பியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏற்கனவே வந்த தெரு. அது பேங்க் சாரின் இளைய மகள் வீடு. போன வருடம் அந்த வீட்டு ஜன்னல்களை அளவெடுத்துத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தவளே அவள்தான். நீலக் கரை வைத்த அந்தத் திரைகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. நிறுவனத்தின் பெயர்ப் பலகை இல்லை, ஒரு மூட்டை சிமெண்ட் இல்லை. வாசலில் உறை போட்டு மூடிய ஒரு புதுக் கார் நின்றது. அழைப்பு மணியை அழுத்த அவளுக்குத் துணிவு வரவில்லை.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பயந்துவிட்டால் அவருக்குத் தொழில் பாஷைதான் வரும்.

"இங்க பாரு. ஃப்ரிட்ஜுக்குள்ள எது கெட்டுப்போனாலும் கதவ மூடி வச்சிருக்கற வரைக்கும் நாத்தம் வெளிய வராது. மூடியே வை."

"கரண்டு போச்சுன்னா?"

அவர் தட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு மெதுவாக, "கையெழுத்து உன்னுது. பிடிச்சா உன்னத்தான் மொதல்ல பிடிப்பாங்க" என்றார். அவளுக்கும் அதே நினைப்புத்தான். ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு பேங்க் சார் கடைக்கு வந்தார். கையில் ஒரு கால்சட்டை.

"நீளம் அரை இஞ்ச் குறைக்கணும்மா. அவசரமில்ல." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நேத்து ரசீதெல்லாம் பாத்தீங்களாம். எழுத்தர் சொன்னார்."

அவள் கால்சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"சந்தேகம் வந்தா என்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றார் அதே மென்மையான குரலில். "மாப்பிள்ளைக்குத் தொழில்ல ஒரு இக்கட்டு. கொஞ்ச நாள் கைமாத்து மாதிரிதான். வருஷக் கடைசிக்குள்ள கூரை வேலை நடந்துடும், யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்ல."

"சார்… காரை விழுந்துடுச்சு சார். பிள்ளைங்க மட்டும் உள்ள இருந்திருந்தா…"

"இல்லையே. இல்லாதது நல்லதாப் போச்சு." அவர் எழுந்தார். "என் கையால நான் எதுவும் எழுதலம்மா. தொகை எழுதினது ஆபீஸ்ல தட்டச்சுல. என் கையெழுத்து இருக்கற மாதிரி உங்க கையெழுத்தும் இருக்கு. விசாரணைன்னு வந்தா, பணம் கட்ட வேண்டிய பொறுப்பு பொருளாளருக்குத்தான்னு விதியில இருக்கு. பொண்ணு இந்த வருஷம் ப்ளஸ் டூ பரீட்சை எழுதறா இல்ல? நல்லா படிக்கச் சொல்லுங்க."

போகும்போது கூலியை முன்பணமாக மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதை எடுக்கவே அவளுக்குக் கை கூசியது. சாயங்காலம் வரை அது அங்கேயே கிடந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்பதை அவள் தைத்த துணிகளே சொல்லும். ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டாள். ஊசி விரலில் ஏறி, துணியில் ரத்தம் பட்ட பிறகுதான் கவனித்தாள். கடை வாசலில் எந்த வண்டி நின்றாலும் தையலை விட்டு எழுந்தாள். விதி என்று அவர் சொன்னாரே, அது எந்த விதி, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பார்களே என்ற பயம் வேறு. பதினெட்டு லட்சம் என்பது கடை, இயந்திரம், வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் விற்றாலும் கால்வாசி தேறாத தொகை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஒரு போலீஸ் ஜீப் கடை வாசலிலேயே வந்து நின்றது. உள்ளிருந்து ஓர் அதிகாரி இறங்கி நேராக உள்ளே வந்தார். தையலக்கா எழுந்து நின்றாள்.

"அக்கா, சட்டைப் பொத்தான் அறுந்துடுச்சு. ஒரு நிமிஷத்துல தைச்சுத் தர முடியுமா? மேலதிகாரி வரார்."

ஊசியில் நூல் கோக்க அவளால் முடியவில்லை. ஐந்து முறை முயன்றாள். கடைசியில் அந்த அதிகாரியே ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தார். "என்னக்கா, உடம்பு சரியில்லையா? கடைய சாத்திட்டுப் போய்ப் படுங்க." கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் விசித்திரமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

வாயை மூடிக்கொண்டே இருந்துவிடலாம் என்று அன்று மாலை அவள் முடிவு செய்திருந்தாள். இதைப் பின்னால் அவளே பலரிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை இயந்திரத்தை நிறுத்தி நூல் மாற்றிக்கொண்டிருந்தபோது, எதிரே பிள்ளைகள் எண்களை ராகம் போட்டுச் சொல்லும் சத்தம் கேட்டது. சத்தம் வந்த திசையைக் கவனித்ததும் கையிலிருந்த நூல்கண்டு கீழே உருண்டது. அது அதே அறை.

ஓடிப்போய்ப் பார்த்தாள். தரையைக் கூட்டித் துடைத்து, உடைந்த பெஞ்சை மட்டும் வெளியே போட்டுவிட்டு, பிள்ளைகளைத் திரும்பவும் உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். கம்பி தெரியும் ஓட்டைக்கு நேர் கீழே இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி வாயை ஆவென்று திறந்து 'பதினேழு, பதினெட்டு' என்று கத்திக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை அவளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார். "சத்தம் போடாதீங்க அக்கா. ஆபத்து ஒண்ணுமில்லன்னு இன்ஜினியர் சான்றிதழ் குடுத்துட்டார்னு தலைவர் அனுப்பியிருக்கார். வேற அறையும் இல்ல."

"நீங்க நம்பறீங்களா டீச்சர்?"

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "என் பதவி நிரந்தரமாகறதுக்கு அவர் கையெழுத்துப் போடணும். ரெண்டு பேருமே ஒரே ஆளுக்குத்தான் பயந்துட்டு இருக்கோம்னு நினைக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருடாந்தரப் பொதுக்கூட்டம். சனிக்கிழமை தையலக்கா மகளை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னாள். மகள் முதலில் அழுதாள். "ஸ்கூல்ல என்னத் திருடியோட பொண்ணுன்னு சொல்வாங்களே அம்மா" என்றாள். சொல்லத்தான் செய்வார்கள். கொஞ்சம் கழித்து மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் பின் வரிசையில உக்காந்துக்கறேன். என்னப் பாத்துப் பேசாத, நீயும் அழுதுடுவ" என்றாள்.

கூட்டத்துக்கு இருநூறு பேர் வந்திருந்தார்கள். பேங்க் சார் ஆண்டறிக்கையை வாசித்தார். கூரைச் சீரமைப்பு, முன்னேற்றத்தில் உள்ளது என்று ஒரே வரி. கேள்வி இருக்கிறதா என்று அவர் கேட்டபோது தையலக்கா மேடையிலேயே எழுந்தாள். ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனபோது அது அவள் மோவாயில் இடித்தது. மண்டபம் முழுக்க டொக்கென்று கேட்டது. சிலர் சிரித்தார்கள்.

"நான் கையெழுத்துப் போட்டேன்" என்றாள். "தொகை எழுதாத காசோலையில ஒன்றரை வருஷமா கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அது தப்பு. பதினெட்டு லட்சம் போயிருக்கு. கூரையில ஒரு செங்கல் ஏறல. பணம் போன விலாசத்துக்கு நானே போய்ப் பாத்தேன், அது தலைவரோட மக வீடு. இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல அந்த அறையப் பூட்டுங்க. நாளைக்கு மணி அடிச்சா பிள்ளைங்க உள்ள போயிடும்."

பேங்க் சார் பதறவில்லை. "அம்மா சொன்னதுல ஒண்ணு உண்மை. காசோலைகள்ல இருக்கறது அவங்க கையெழுத்துதான். மத்தத விசாரணை முடிவு செய்யட்டும். அறை பாதுகாப்பா இருக்குன்னு சான்றிதழ் இருக்கு" என்று ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார்.

அவர் நினைத்தபடியே நடந்தது. "பணத்த எங்க வச்சிருக்க?" என்று ஒரு குரல் எழுந்தது. "பங்கு பிரிக்கறதுல தகராறு போல" என்றது இன்னொன்று. முன்வரிசையில் இருந்த பெண், தையலக்காவிடம் பத்து வருடமாகத் துணி தைக்கக் கொடுப்பவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தையலக்கா ஒலிவாங்கியைக் கீழே வைத்தாள். மேடையை விட்டு இறங்கி ஓடிவிடலாமா என்று படியைப் பார்த்தாள். ஆனாலும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அப்போது சுவரோரம் நின்றிருந்த ஒருவர் முன்னால் வந்தார். கொத்தனார், அவர் மகள் ஒன்றாம் வகுப்பில் படிக்கிறாள்.

"சான்றிதழ அப்புறம் படிக்கலாம். எனக்கு அந்தக் கூரையத் தட்டிப் பாக்கணும். ஒரு தொடப்பக் கட்டை குடுங்க."

கூட்டம் அவர் பின்னால் எழுந்து போனது. தலைமையாசிரியை சாவியோடு எல்லோருக்கும் முன்னால் நடந்தார். கொத்தனார் மற்றவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, கதவு ஓரமாக நின்று துடைப்பக் கட்டையின் முனையால் கூரையைத் தட்டினார். காலிப் பானையைத் தட்டியது போல் ஒலித்தது. இரண்டடி தள்ளி இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் கூரைக் காரை பெயர்ந்து, ஆசிரியரின் மேசை மேல் பெரும் சத்தத்தோடு விழுந்தது. பறந்த தூசியில் எல்லோரும் பின்வாங்கினார்கள். இரட்டைச் சடைச் சிறுமியின் தாய் மட்டும் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

தலைமையாசிரியை அறையைப் பூட்டினார். சாவியைக் கொத்தனாரிடமே கொடுத்தார். மண்டபத்துக்குத் திரும்பியபோது பேங்க் சாரின் நாற்காலி காலியாக இருந்தது.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை. கல்வி அலுவலக விசாரணை பதினோரு மாதம் நடந்தது. தையலக்காவை ஒன்பது தடவை கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அதே கேள்விகள், அதே தகர நாற்காலி. தொகை எழுதாத தாளில் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்? நம்பினேன் சார். எதை நம்பி? அதற்கு அவளால் ஒருநாளும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. சீருடை தைக்கும் வேலை கைவிட்டுப் போனது. அவளும் பங்கு வாங்கியிருப்பாள் என்று நம்பியவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். ஒரு இயந்திரத்தை விற்க வேண்டி வந்தது. மகளைப் பள்ளியில் சிலர் அப்படித்தான் அழைத்தார்கள். அவள் பரீட்சையில் எதிர்பார்த்ததை விடக் குறைவாகத்தான் வாங்கினாள்.

சான்றிதழ் கொடுத்த இன்ஜினியர் அறையை வந்தே பார்க்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. பேங்க் சார் பதவி விலகினார். பதினோரு லட்சத்தைத் திருப்பிக் கட்டினார், மீதிக்கு வழக்கு நடக்கிறது. இன்றும் அவரைத் தெருவில் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறவர்கள் உண்டு. கூரையைக் கொத்தனாரின் ஆட்கள் இடித்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். புதுக் குழு மாதாமாதம் வங்கிக் கணக்கை அலுவலகச் சுவரில் ஒட்டுகிறது. முதல் இரண்டு மாதம் அதைப் படிக்கக் கூட்டம் நின்றது. இப்போது நாலைந்து பேர் நின்று பார்க்கிறார்கள்.

விசாரணை முடிவு ஒரு தடித்த உறையில் வந்தது. தையலக்கா அதை வாங்கி வெட்டு மேசையில் வைத்துவிட்டு, தொடாமல், கணவர் வரும் வரை காத்திருந்தாள். அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து பிரித்தார். ஒரு வார்த்தை வேடிக்கையாகப் பேசாமல் ஆறு பக்கத்தையும் படித்தார். கடமையில் கவனக்குறைவு. மோசடியில் பங்கில்லை. ஐந்து வருடத்துக்கு எந்தப் பொதுப் பொறுப்பும் வகிக்கக் கூடாது.

"ஜெயில்னு எங்கயும் போடலையே?"

"இல்ல."

"பணம் கட்டச் சொல்லி?"

"இல்லம்மா. ரெண்டு தடவை படிச்சுட்டேன்."

அவள் உறையை வாங்கித் தானும் ஒருமுறை விரல் வைத்துப் படித்தாள். பிறகு துணி மூட்டைகளுக்கு நடுவே தரையில் சாய்ந்தாள். கணவர் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். துணி வாங்க வந்த இரண்டு பேரையும், "தூங்கறா, சாயங்காலம் வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.